பட்டியலில் இல்லாத குடிகள்

கிராம சபை வெறும் சடங்காகிவிட்டது என்று நம் துறையில் பலரும் சலித்துக்கொள்கிறோம். காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரம் அப்படி நினைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டதும், அம்மாதம் 15ஆம் தேதி கூடிய சபையிலேயே அவ்வூரார் எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள். அடுத்தடுத்த சபைகளிலும் போட்டார்கள். திட்டம் நின்றுவிடவில்லை. ஆனால் ஊரின் மறுப்பு அரசு ஏட்டில் ஏறிவிட்டது.

அதே மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் பகுதியில் இந்த வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின்படி, ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களே கிராம சபை உறுப்பினர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் மகளிர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இப்படி விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் இருப்பவர்கள் குடிப்பது இவ்வூர்த் தண்ணீர். பலரின் ஓட்டு இருப்பதோ சொந்த ஊரில்.

முறையிட இடமில்லாதபோது நெடுஞ்சாலையே சபையாகிறது. 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதும் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு சாலையில் அமர்ந்தது அப்படித்தான். 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து தொழிற்சங்க உரிமை கேட்டார்கள். சங்கம் ஆலைக்குள் பேசும். ஆலைக்கு வெளியே சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் பேச வேண்டியது குடியிருப்போர் மன்றம்.

ஊராட்சிச் செயலர்களும் சமூகப் பணியாளர்களும் அதைத் தொடங்கிவைக்கலாம். நிலம் கொடுத்த பூர்வ குடிகளும் வாடகைக்கு இருப்போரும் ஒன்றாக அமர வேண்டும். வந்தவர்கள் தங்களை மிஞ்சிவிடுவார்களோ என்ற ஊராரின் அச்சத்தை அங்கேயே பேசித் தீர்க்கலாம். விடுதிக் காப்பாளரும் மனிதவள அதிகாரியும் தலைமை ஏற்கக் கூடாது. நடவடிக்கைக் குறிப்பு தமிழிலும் இந்தியிலும் இருக்கட்டும். மன்றத்தின் முடிவுகளை வார்டு உறுப்பினர் வழியே கிராம சபைக்குக் கொண்டுபோகலாம். இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் விரும்பினால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவும் உதவலாம்.

நேரமில்லை என்ற சாக்கும் செல்லாது. ஆண்டின் ஆறு கிராம சபை நாள்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் தமிழகத் தொழிற்சாலைகளுக்குச் சட்டப்படி விடுமுறை. வரும் மே தினத்துக்கு முன் உங்கள் ஊராட்சியில் ஒரு மன்றத்தையாவது கூட்டுங்கள்.