அழிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்



மூலனூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் அவர்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. மகன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில். வீட்டில் மகளின் படிப்பு, பருத்தி விற்ற கணக்கு, கல்யாண போட்டோக்கள் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள்தான்.

விண்டோஸ் திறப்பதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடுகிறதாம். டிவிடி டிரைவ் போய்விட்டது, பென்டிரைவும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒரு பார்ட்டிஷன் ஒதுக்கி, அதில் லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை வைத்து இன்ஸ்டால் செய்யப் பார்த்திருக்கிறான். பாதியில் நின்றுவிட்டது. கடைக்குப் போனால், "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாங்க" என்கிறார்களாம். "அழிச்சுடலாங்களா?" என்று நம்மைக் கேட்கிறார்.

வேண்டாங்க.

பையன் செய்த வழி தப்பில்லை. 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் முதல் ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதனால் ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு பல லேப்டாப்களில் ஏற்கெனவே உண்டு. அந்த மெனு வழியாகவே, டிஸ்க்கில் வைத்த ஐஎஸ்ஓ ஃபைலையும் திறக்க முடியும்.

பிறகு ஏன் நின்றது? இன்ஸ்டாலர் ஓடுவதே அந்த டிஸ்க்கிலிருந்துதான். அதே டிஸ்க்கைப் பிரித்து எழுதச் சொன்னால், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டச் சொன்ன கதைதானே? 'பார்ட்டிஷன் பயன்பாட்டில் இருக்கிறது' என்று அது மறுப்பது நம் நல்லதுக்குத்தான்.

இதற்கு வழி உண்டு. விண்டோஸ் ஓடும்போதே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய், புதிய சிஸ்டத்துக்கான இடத்தை முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும். பழைய எம்பிஆர் முறை டிஸ்க்கில் பிரைமரி பார்ட்டிஷன் நான்குக்கு மேல் போட முடியாது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாலரில் அந்த இடத்தை மட்டும் காட்டினால் போதும். ஐஎஸ்ஓ இருக்கும் பார்ட்டிஷனைத் தொடக் கூடாது. ரேம் தாராளமாக இருந்தால் கிரப் வரியில் 'டுரேம்' என்று சேர்த்து, முழு ஐஎஸ்ஓவையும் ரேமில் ஏற்றிவிடலாம். 2 ஜிபி ரேமில் பெரிய ஐஎஸ்ஓ ஏறாது; எடை குறைந்த லினக்ஸாகப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் சந்தேகம் டிஸ்க் மேலோ ரேம் மேலோ திரும்ப வேண்டும். டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் சோதனை போட்டுப் பாருங்கள். டிஸ்க்கே போகப் போகிறது என்றால் எதைப் போட்டும் பிரயோஜனமில்லை.

கடையில் கொடுத்து விண்டோஸையே திரும்பப் போட நினைப்பவர்கள் ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். "சி டிரைவை மட்டும் அழிங்க, டி-யைத் தொடாதீங்க" என்று நாம் சொல்லி அனுப்புகிறோம். ஆனால் இன்ஸ்டால் திரையில் சி, டி என்ற எழுத்தே வராது. 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 1', 'டிரைவ் 0 பார்ட்டிஷன் 2' என்றுதான் வரிசையாக இருக்கும். பக்கத்தில் அளவு இருக்கும். எது உங்கள் போட்டோ இருக்கும் இடம் என்று கடைத் தம்பிக்கு எப்படித் தெரியும்? கடையில் நாலு பேர் காத்திருக்கும்போது எல்லாவற்றுக்கும் டிலீட் போடுவதுதான் சுலபம்.

ஆகவே, ஒவ்வொரு டிரைவின் அளவையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 320 ஜிபி டிஸ்க் திரையில் 298 ஜிபி என்றுதான் வரும். யாரும் திருடிவிடவில்லை, கம்பெனிக்காரர் எண்ணும் முறையும் விண்டோஸ் எண்ணும் முறையும் வேறு.

"டி டிரைவுல பத்திரமா வெச்சிருக்கேன்" என்று நம் வீடுகளில் நிம்மதியாக இருப்போம். சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும். தனி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு காப்பி இருந்தால்தான் அது பத்திரம். பென்டிரைவ் எடுக்காத லேப்டாப் என்றால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் கேபிள் மூலம் மாட்டிக் காப்பி எடுத்துத் தரச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான் ஆகும். கல்யாண போட்டோவைத் திரும்ப எடுக்க முடியுமா?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சிப் அந்தக் காலத்து லேப்டாப்களில் கிடையாது. ஆக, புதிய சிஸ்டம் போடும் இந்தப் பிரச்சினை இன்னும் பல வீடுகளுக்கு வரத்தான் போகிறது. உங்கள் வீட்டு லேப்டாப்பை யார் கையில் கொடுப்பதாக இருந்தாலும் சரி, காப்பி எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்