யூசுஃப் இஸ்லாமின் எந்த இசைத்தொகுப்பு?



பழைய பாடகர் ஒருவரின் இசைத்தொகுப்புகளுள் உமக்கு மிகவும் விருப்பமானது எது என்னும் வினா பார்வைக்கு விளையாட்டானது. அந்தப் பாடகர் யூசுஃப் இஸ்லாம் எனும்போதோ நம் இளைஞர்கள் வழக்காடத் தொடங்கிவிடுகின்றனர். ஒரு சாரார், அவர் கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் 1970-இல் வெளியிட்ட ‘டீ ஃபார் த டில்லர்மேன்’ தவிர வேறொன்றும் பேசத் தகுதியற்றது என்கின்றனர். மறு சாரார், இஸ்லாத்தைத் தழுவுமுன் அவர் பாடியவை யாவும் அறியாமைக் காலத்துக் குப்பை. நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சொல்லி 1995-இல் அவர் வெளியிட்ட ஒலித்தொகுப்பே போதும் என்கின்றனர். இரு சாராரும் ஒரே மனிதரை நடுவே பிளந்து, ஆளுக்கொரு பாதியைத் தூக்கிச் செல்கின்றனர் என்பதே நமது குற்றச்சாட்டு.

மத்ரஸா ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஒரு மனிதரின் கடந்த காலத்தை எப்படி எடைபோடுவது என்பதை நாம் கற்பிக்காவிட்டால் வேறு எவர் கற்பிப்பர்?

முதலில் ‘டில்லர்மேன்’ அன்பர்களுக்கு. அத்தொகுப்பின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. 1948-இல் இலண்டனில், சைப்ரஸ் நாட்டுக் கிரேக்கத் தந்தைக்கும் சுவீடன் நாட்டுத் தாய்க்கும் பிறந்து, பெற்றோரின் உணவகத்து மாடியில் வளர்ந்த அவ்விளைஞர், பதினெட்டு வயதிலேயே புகழ்பெற்றார். இருபது வயதில் காசநோய் கண்டு மருத்துவமனையில் வீழ்ந்தார். நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்தவரின் பாடல்கள் முன்னவற்றினின்று முற்றிலும் மாறியிருந்தன. பெரிய வாத்தியக் குழுவின் ஆரவாரம் போய், கிதாரும் குரலும் எஞ்சின. ‘மோனா போன் ஜேகன்’, ‘டில்லர்மேன்’, 1971-இல் ‘டீசர் அண்ட் த ஃபயர்கேட்’ என்று அடுத்தடுத்து வந்தவற்றில், மரணத்தை அருகிருந்து கண்டவனின் கேள்விகள் ஒலித்தன. தந்தையும் மகனும் உரையாடும் புகழ்பெற்ற பாடலில் இருவர் குரலையும் அவர் ஒருவரே, ஒன்றைத் தாழ்த்தியும் மற்றொன்றை உயர்த்தியும் பாடுகிறார். கேட்டோர் எவரும் மறக்க இயலாத பாடல் அது.

எனினும் அன்பர்களே, அவை கேள்விகள். கேள்வி கேட்டவர் விடை தேடிப் புறப்பட்டபோது நீங்கள் அவரைப் பின்தொடரவில்லை. 1972-இல் வந்த ‘கேட்ச் புல் அட் ஃபோர்’ தொகுப்பின் பெயர் ஜென் பௌத்தக் கதையிலிருந்து வந்தது. 1973-இல் ‘ஃபாரினர்’ இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், பதினெட்டு நிமிடங்களுக்கும் மேலாக, ஒரே பாடலால் நிரப்பினார். 1975-இல் வந்த ‘நம்பர்ஸ்’ பித்தாகரஸின் எண் தத்துவத்தை ஆராய்ந்தது. இரசிகர்கள் சலித்துக்கொண்டனர், அவரோ தேடிக்கொண்டேயிருந்தார். கலிபோர்னியக் கடலில் மூழ்கும் தறுவாயில் இறைவனை அழைத்தார், கரை சேர்ந்தார். பின்னர் அவருடைய அண்ணன் ஜெரூசலேம் சென்று திரும்பி, அல்குர்ஆன் பிரதியொன்றை அன்பளிப்பாகக் கொடுத்தார். 1977 டிசம்பரில் இலண்டன் மத்தியப் பள்ளிவாசலில் ஷஹாதா மொழிந்தார். இத்தனைக்குப் பிறகும் 1970-லேயே அவரை நிறுத்திவைக்க விரும்புவது, ஒரு மனிதரைவிட அவருடைய இளமைக்காலப் புகைப்படத்தை நேசிப்பதற்கு ஒப்பாகும்.

இனி, மறு சாராருக்குச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியுள்ளது.

அவர் 1979-இல் மேடையை விட்டு இறங்கினார், கிதார்களை ஏலத்தில் விட்டார் என்பதை நம் சொற்பொழிவாளர்கள் வெற்றிக்கோப்பையைப் போல் உயர்த்திக் காட்டுவர். அதே பழைய பாடல்களிலிருந்து தொடர்ந்து வந்த வருவாய் அறப்பணிக்கும் கல்விக்கும் சென்றதை அவர்கள் சொல்வதில்லை. 1983-இல் இலண்டனில் அவர் நிறுவிய இஸ்லாமியா தொடக்கப்பள்ளி, 1998-இல் பிரிட்டனில் அரசு நிதியுதவி பெற்ற முதல் முஸ்லிம் பள்ளிகளுள் ஒன்றாயிற்று. குப்பை என்று நீங்கள் ஒதுக்கும் அதே பாடல்கள் அல்லாஹ்வின் நாட்டத்தால் கல்விக்குத் துணை நின்றன. அறியாமைக் காலத்தில் சிறந்து விளங்கியோர், மார்க்கத்தை விளங்கிக்கொண்டால் இஸ்லாத்திலும் சிறந்தோரே என்னும் கருத்துடைய நபிமொழியை நாம் பாடம் நடத்துகிறோம். ஆனால் ஒரு பாடகர் என்றதும் மறந்துவிடுகிறோம்.

இசைக்கருவிகள் பற்றிய மார்க்கச் சட்டத்தை நாம் மூடிமறைக்கவில்லை. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் நரம்புக் கருவிகளைத் தடுத்தனர். செவியுறுதல் பற்றி இஹ்யாவில் விரிவாக எழுதி இசைக்குக் கதவு திறந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும், மதுக்கூடங்களின் அடையாளம் என்பதால் அக்கருவிகளுக்கு அதைத் திறக்கவில்லை. இப்னு ஹஸ்ம் (ரஹ்) தடைக்கான ஆதாரங்களை ஏற்கவில்லை. இந்தக் கருத்து வேறுபாடு ஆயிரம் ஆண்டுகள் பழையது. பேணுதலாக விலகியிருப்போரை நாம் மதிக்கிறோம். அவர்கள் இவ்வினாவுக்கு விடையே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விலகியிருப்பது வேறு, ஏளனம் செய்வது வேறு. மேலும், ஏளனம் செய்வோருள் பலர் காரில் திரைப்படப் பாடல் கேட்டுக்கொண்டுதான் வருகின்றனர்!

ஆகவே நமது தேர்வைச் சொல்கிறோம்: 2006-இல் ‘யூசுஃப்’ என்னும் ஒற்றைப் பெயரில் வந்த ‘ஆன் அதர் கப்’. இன்னொரு கோப்பை. தலைப்பே அந்தப் பழைய தேநீரை நினைவூட்டுகிறது.

1978-இன் ‘பேக் டு எர்த்’துக்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அவர் வெளியிட்ட பாடல் தொகுப்பு இது. அவருடைய மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிதார் ஒன்றே மீண்டும் பாடத் தூண்டியது என்று அவரே கூறியுள்ளார். அத்தருணத்தில் அவர் எவரிடம் நற்பெயர் எதிர்பார்த்திருக்க முடியும்? கிதாரைத் தொட்டதற்காக நம்மவருள் ஒரு பகுதியினர் முகம் திருப்புவர் என்பது தெரிந்ததே. மறுபுறம், அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2004-இல், வாஷிங்டன் நோக்கிச் சென்ற விமானம் அவர் பொருட்டு வழிமாற்றப்பட்டு, அமெரிக்காவுக்குள் நுழைய விடாமல் அவர் திருப்பியனுப்பப்பட்டிருந்தார். தம்மைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம் என இறைஞ்சும், 1960-களில் நினா சிமோன் பாடிய பழைய பாடலொன்றை இத்தொகுப்பில் அவர் பாடுவதை இந்தப் பின்னணியில் கேளுங்கள்.

நமது தேர்வுக்கு முதன்மைக் காரணம் வேறொன்று. ‘ஐ திங்க் ஐ சீ த லைட்’ என்னும் பாடல் 1970-இன் ‘மோனா போன் ஜேகன்’ தொகுப்பில் உள்ளது. ஒளியைக் கண்டதாக நினைக்கிறேன் என்பது தலைப்பின் பொருள். இருபத்தொரு வயது இளைஞர் பாடியபோது அது ஒரு காதலனின் உற்சாகமாக ஒலித்தது. அதே பாடலை 2006-இல், ஐம்பத்தெட்டு வயதில், மீண்டும் பாடினார். ஒளி என்ற சொல் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை விளக்கவுரையின்றியே உணரலாம். ‘ஃபாரினர்’ பாடலின் மெட்டொன்றும் இங்கே திரும்பி வருகிறது. நபி (ஸல்) அவர்களைப் புகழும் ‘த பிலவட்’ என்ற பாடலும் அதே வரிசையில் அமர்ந்திருக்கிறது. முன்பாதியை அவர் வெட்டி எறியவில்லை, கழுவி எடுத்துக்கொண்டார்.

இசை நயத்தில் இது ‘டில்லர்மேனு’க்கு நிகரில்லை என்பார் உண்டு. இருக்கலாம். சில பாடல்களில் ஒலிப்பதிவு அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்டுள்ளது. பழைய கரடுமுரடான குரல் அங்கே அமுங்கிவிடுகிறது. நாம் கேட்கப்பட்டது சிறந்தது எது என்றன்று, விருப்பமானது எது என்று.

அப்படியானால் 2020-இல் ‘டில்லர்மேன்’ பாடல்கள் அனைத்தையும் மறுபடி பாடி வெளியிட்டாரே, அதைத் தேர்ந்தெடுக்கலாகாதா என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. அதில் தந்தை–மகன் பாடலில் மகனின் குரல் 1970-ஆம் ஆண்டு மேடைப் பதிவிலிருந்து எடுக்கப்பட்டது. தந்தையின் குரல் எழுபது கடந்த யூசுஃபினுடையது. கேட்கையில் நெஞ்சு கனக்கிறது. ஆயினும் அதற்குள் உலகம் அவரை மீண்டும் ஏற்றுக்கொண்டிருந்தது. 2014-இல் ராக் இசைக் கலைஞர்களுக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ சிறப்பும் கிடைத்துவிட்டது. 2006-இல் இவை எதுவும் அவர் கையில் இல்லை.

அந்த மாணவருக்கு இன்னும் ஐயம் தீரவில்லை. 1970-இன் பதிவையும் 2006-இன் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் வாதிட வருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்ஷா அல்லாஹ்.