உண்ணும் வேளையில் வீங்கும் தாடை

நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டவுடன் சிலருக்குத் தாடையின் அடியில் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று வலித்து, எலுமிச்சையளவு வீங்கிவிடும். இஷாத் தொழுகைக்குள் வடிந்தும் விடும். மறுநாளும் அதே கதைதான். பல்வலியென்று கிராம்பு வைப்போரும், பொன்னுக்கு வீங்கியென்று கழுத்தில் தங்கச் சங்கிலி அணிவிப்போரும் நம் வீடுகளில் உண்டு.

உணவு வேளையில் தோன்றிப் பின்னர் மறையும் வீக்கம், பெரும்பாலும் உமிழ்நீர் நாளத்தில் ஏற்பட்ட அடைப்பின் அறிகுறியாகும். பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணைகள். அவற்றுள் கீழ்த்தாடைச் சுரப்பியின் நீர் சற்றுக் கெட்டியானது. அதன் நாளமும் மேல்நோக்கிச் செல்வது. எனவே கற்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 80 அங்கேதான் உண்டாகின்றன. நோன்பே கல்லை உண்டாக்கிற்று என்று எண்ண வேண்டாம். கல் மெல்ல மெல்ல வளர்வது. நோன்பு திறக்கும் வேளை அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. ஆயினும், மதுரைப் பக்கத்துக் கோடையில் இரவிலும் சஹரிலும் போதிய நீர் அருந்துதல் அவசியம்.

முன்பெல்லாம் நாளத்தின் உட்புறத்துக் கல்லுக்குக் கழுத்தைக் கீறிச் சுரப்பியையே அகற்றுவர். கீழுதட்டை அசைக்கும் நரம்பு அதனருகே செல்வதால், உதடு கோணிவிடும் அபாயம் இருந்தது. 1990களில் ஐரோப்பாவில் வேறு வழி பிறந்தது. ஜெனீவாவின் டாக்டர் பிரான்சிஸ் மார்ஷல் அதை வளர்த்தவர்களுள் முக்கியமானவர். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள எண்டோஸ்கோப்பை, வாய்க்குள் இருக்கும் நாளத் துவாரத்தின் வழியே செலுத்துகின்றனர். உப்புநீர் பாய்ச்சி நாளத்தை விரித்து, உட்புறத்தைத் திரையில் கண்டு, 4 மில்லிமீட்டருக்குட்பட்ட கல்லை நுண்கம்பிக் கூடையில் பிடித்து வெளியே இழுக்கின்றனர். பெரிய கல்லை லேசரால் உடைப்பதுண்டு. வெளியே தழும்பில்லை, சுரப்பியும் பிழைக்கிறது.

எல்லாக் கல்லுக்கும் இது பொருந்தாது. சீழ் பிடித்திருந்தால் முதலில் மருந்தால் ஆற்ற வேண்டும். சுரப்பிக்குள்ளேயே புதைந்த பெருங்கல்லுக்கு இன்றும் கத்தி தேவைப்படலாம். மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சகோதரிகள் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் காட்டி, முதலில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். சுரப்பியை எடுக்கவேண்டுமென்று யார் சொன்னாலும், "எண்டோஸ்கோப்பினால் காப்பாற்ற இயலுமா? எங்கே செய்கிறார்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று: பொன்னுக்கு வீங்கி பொதுவாக ஒருமுறைதான் வரும். ஒரே பிள்ளைக்குக் கன்னம் மீண்டும் மீண்டும் வீங்கினால் அது வேறு நோய். அதற்கும் இக்கருவியால் நாளத்தைக் கழுவிவிடும் சிகிச்சை உண்டு. வலியின்றிக் கல்லுப்போல் வளரும் கட்டிக்கோ, முகம் கோணுவதற்கோ பெருநாள் கழியட்டும் என்று காத்திருக்கலாகாது.