குட்டி வளர்த்த கைக்கு உரிய விலை



தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் ஒரு பொருள் உண்டு. வள்ளுவரும் கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்து அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கிறார். கால்நடையே கைம்முதலாக இருந்த காலத்தின் நினைவு அது. அக்காலம் முற்றிலும் கடந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களில், வங்கியில் பணமில்லாத வீட்டிலும் கொட்டிலில் இரண்டு ஆடுகள் நிற்கும். மருத்துவச் செலவு வந்தால் ஓர் ஆடு. பள்ளிச் செலவு வந்தால் இன்னோர் ஆடு. இவ்விரு ஊர்களுக்கும் இடையேயுள்ள ரயில் நிலையம் ஒன்று ‘பாம்புக்கோவில் சந்தை’ என்று சந்தையையே தன் பெயரில் சுமந்து நிற்பதும் இம்மண்ணின் வாழ்வை உணர்த்தும்.

இந்த ஆடுகளைப் பேணுபவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளுமே. “இது உன் குட்டி” என்று சொல்லி ஒரு பிள்ளையிடம் குட்டியை ஒப்படைப்பார்கள். பிள்ளை வேப்பங்குழையும் அகத்தியும் ஒடித்துப் போடுவான். மழைக்கு உள்ளே கட்டுவான். பெயர் சூட்டி அழைப்பான். ஓராண்டு கழித்துத் தந்தை அதைச் சந்தைக்கு ஓட்டிச் செல்வார். என்ன விலைக்குப் போயிற்று என்று பிள்ளைக்குச் சொல்வாரில்லை. பணம் வீட்டுக் கடனில் கரைந்துவிடும். பிள்ளையின் கைக்குத் திரும்பி வருவது வெறுங்கயிறு. வறுமையில் இது தவிர்க்க முடியாதது என்பது உண்மையே. ஆயினும் உழைத்தவனுக்குக் கணக்குக்கூடச் சொல்லாதிருப்பது முறையா என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதே காரியத்தை வேறு விதமாகச் செய்யும் ஏற்பாடு ஒன்று அமெரிக்காவில் வேரூன்றியுள்ளது. 1902-ல் ஓகையோ மாநிலத்தின் கிளார்க் மாவட்டத்தில் ஏ. பி. கிரகாம் என்ற கல்வியாளர் கிராமப்புறச் சிறுவர் சிறுமியருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் நாடெங்கும் பரவிய ‘4-எச்’ இயக்கத்தின் தொடக்கமாக அதைக் கொள்வர். அறிவு, இதயம், கை, உடல்நலம் ஆகிய நான்கையும் குறிப்பதே அப்பெயர். இவ்வியக்கத்துப் பிள்ளை ஒரு கன்றையோ ஆட்டுக்குட்டியையோ வாங்கித் தானே வளர்க்கிறான். தீவனச் செலவைக் குறிப்பேட்டில் எழுதுகிறான். மாவட்டக் கண்காட்சியில் நடுவர் முன் அதை நடத்திக் காட்டுகிறான். இறுதியில் பொது ஏலம். உள்ளூர்க் கடைக்காரரும் வங்கியும் பண்ணையாரும் விலை கேட்பர். பல வேளைகளில் சந்தை விலையைவிட மிகுதியாகவே கொடுப்பர். அந்த மிகுதி இறைச்சிக்காக அன்று. பிள்ளையின் உழைப்புக்கும் படிப்புக்குமானது என்று எல்லாரும் அறிந்தே கொடுக்கின்றனர். சிலர் அந்த இறைச்சியை ஏழைகளுக்கே வழங்கிவிடுவதும் உண்டு.

இந்த ஏற்பாட்டிலும் இடறல் இல்லாமலில்லை. 2022-ல் வட கலிபோர்னியாவின் சாஸ்தா மாவட்டக் கண்காட்சியில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி வளர்த்த ‘சீடர்’ என்னும் ஆடு 902 டாலருக்கு ஏலம் போயிற்று. அது வெட்டப்படும் என்பதைத் தாளாத சிறுமி விடமாட்டேன் என்று அழுதாள். தாய் ஆட்டை வேறிடம் கொண்டுபோய், இழப்பை ஈடுசெய்வதாகக் கூறினார். ஏலத்தில் எடுத்தவர் தரப்பும் தடை சொல்லவில்லை. ஆயினும் விதி விதியே என்று காவலர்கள் நெடுந்தொலைவு பயணம் செய்து ஆட்டைக் கைப்பற்றினர்; அது கொல்லப்பட்டது. வழக்கு நீதிமன்றம் சென்று, 2024-ல் 3 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. வாக்கு மாறக்கூடாது என்பதும் நியாயமே. பிள்ளையின் மனம் பெரிது என்பதும் நியாயமே. இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்றுண்டு: குட்டியைக் கையில் கொடுக்கும் நாளிலேயே அதன் முடிவையும் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் சொல்லும் உண்மை பிள்ளைக்கு வஞ்சகமாகவே தோன்றும்.

இனி நம் சந்தைக்கு வருவோம். துண்டால் மூடிய கைக்குள் விரல்களைப் பற்றித் தரகர் விலை பேசுவது நம் நாட்டுப் பழைய வழக்கம். சுற்றி நிற்பவர் எவருக்கும் விலை தெரியாது. கைதேர்ந்த வியாபாரிகளுக்கு இது வசதி. சந்தைக்குப் புதியவனான இளைஞனோ, முதன்முறை ஆடு விற்க வந்த பெண்ணோ அந்தத் துண்டுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். ஏலத்தின் நன்மை இங்கேதான் விளங்கும். அங்கே விலை உரக்கச் சொல்லப்படுகிறது, ஊரே சாட்சி.

2011 செப்டம்பரில் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு 4 ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆடுகளைப் பயனாளிகளே சந்தையில் பார்த்துத் தேர்ந்துகொள்ளும் முறை அதில் இருந்தது. அதுவரை ஆணின் களமாகவே இருந்த சந்தையில் பெண்கள் பல்லைப் பார்த்து, மடியைப் பார்த்து ஆடு பிடித்தனர். தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஒரு கல்வியே.

ஆகவே, ஆடு வாங்கும் குடும்பத்தார் சிலவற்றை மனத்திற் கொள்வது நலம்.

முதலாவது, கண்மதிப்பை நம்பாமல் தராசை நம்புங்கள். உயிர் எடையில் ஏறத்தாழப் பாதியே இறைச்சியாகும். 20 கிலோ ஆட்டில் 9 அல்லது 10 கிலோ கிடைக்கும். இக்கணக்கு இருவருக்கும் தெரிந்திருந்தால் ஏமாறுவோரும் இல்லை, ஏமாற்றுவோரும் இல்லை.

இரண்டாவது, வளர்ப்புக்கு வாங்குவோர் வயதை அறிய வேண்டும். ஆட்டின் கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள் உண்டு. நடுவிலுள்ள பால்பற்கள் இரண்டும் விழுந்து பெரிய பற்கள் முளைத்திருந்தால் ஓராண்டு கடந்தது என்று கொள்ளலாம். பக்ரீத் பலிக்கு ஆடு ஓராண்டு நிறைந்ததாகவும் ஊனமற்றதாகவும் இருக்க வேண்டும் என்பதால், கடையநல்லூர் இசுலாமியச் சகோதரர்கள் பல்லைப் பார்ப்பதில் வல்லவர்கள். அவர்களிடம் கேட்டறிவதில் நமக்குக் குறைவில்லை. நம் கரிசல் நாட்டுக்கு ஏற்றது கன்னி ஆடு. கரிய உடலும், முகத்தின் இருபுறமும் கோடும் அதன் அடையாளம். கோடு வெண்மையாயின் பால்கன்னி, செம்மையாயின் செங்கன்னி. இரட்டைக் குட்டி ஈனுவது அதற்கு இயல்பு.

மூன்றாவது, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். போட்டு வளர்த்த பிள்ளைக்கு அதற்குரிய விலையைக் கூட்டிக் கொடுங்கள். அக்கறைக்கு விலையில்லை என்று கண்டால் அடுத்த ஆண்டு அந்த அக்கறை இராது.

நான்காவது, பிள்ளை வளர்த்த ஆடானால் பிள்ளையையும் அருகில் நிறுத்திப் பேசுங்கள். பணத்தை அவன் கையில் எண்ணிக் கொடுங்கள். 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கை, வங்கி விதிக்கும் வரம்புக்குள், தானே இயக்க ரிசர்வ் வங்கி 2014-லேயே வழிசெய்திருக்கிறது. வீட்டுக் கடனுக்கு அப்பணம் தேவையாயின், பெற்றோர் பிள்ளையிடம் கேட்டு வாங்கட்டும். கேட்பதால் பெற்றோரின் மதிப்பு குறைந்துவிடாது.

நம் பங்குத் திருவிழாக்களிலும் ஏலம் உண்டு. நேர்ச்சையாக வந்த கிடாயும் சேவலும் தேங்காயும் பன்மடங்கு விலைக்குப் போவதைக் காண்கிறோம். நல்ல காரியமே. ஆனால், ஒலிபெருக்கியில் பெயர் முழங்கக் கேட்டுவிட்டு, கேட்ட தொகையை அடுத்த திருவிழா வரை கட்டாத பெருமக்களும் நம்மிடையே இருக்கிறார்கள்! அவர்களுக்காக வேறொன்றும் சொல்லாமல், கணக்குப்பிள்ளையின் பொறுமைக்காக மட்டும் வேண்டிக்கொள்வோம். அதே ஊரில், ஏழைப் பிள்ளை கொண்டுவரும் ஆட்டுக்கு ஐம்பது ரூபாய் குறைக்க அரை நாழிகை வாதாடுகிறவர்களும் அவர்களே என்றால், பீடத்தின் முன் காட்டிய தாராளம் யாருக்காக?

தாவீது அரசனிடம் நாத்தான் இறைவாக்கினர் சொன்ன கதையை நாம் அறிவோம். மந்தை மந்தையாக ஆடு வைத்திருந்தவன், ஏழை தன் மகளைப்போல் வளர்த்த ஒரே குட்டியை எடுத்துக்கொண்டான். கேட்ட அரசன் கொதித்தெழுந்தான். அந்த மனிதன் தானே என்பது பிறகுதான் அவனுக்கு விளங்கியது. விலை கொடுத்து வாங்குகிறோம் என்பதனால் மட்டும் அக்கதைக்கு நாம் வெளியே நிற்பதாக எண்ண வேண்டாம். கொடுத்த விலை நியாயமானதுதானா என்பதே கேள்வி.

அடுத்த சந்தை நாளில் உங்கள் வீட்டு ஆடு புறப்படும்போது, அதை வளர்த்த பிள்ளையையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.