கோரிக்கை மனு: பகல் பதினொன்றுக்கு அல்ல, காலை ஏழுக்கும் இரவு ஒன்பதுக்கும் எங்கள் பகுதியைப் பார்வையிட வேண்டி

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடைப்பட்ட ரயிலடி மனைப்பிரிவுகள்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்,
வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்கள்,
காவல் உதவி ஆணையர் அவர்கள்.

பொருள்: மின்சார ரயில் நீட்டிப்பு, ரயிலடி இணைப்புப் பேருந்து, தெருவிளக்கு, குடிநீர் மற்றும் குப்பை வண்டி நேரம், மழைநீர்க் கால்வாய், விடுமுறை நாள் குறைதீர் முகாம் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

எங்கள் முந்தைய மனுவின்பேரில் நேரில் ஆய்வுக்கு வந்த அலுவலர்கள் தெருக்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல அமைதியான ஏரியா, இங்கே என்ன பெரிய பிரச்சினை?" என்று கேட்டார்கள். அவர்கள் வந்தது பகல் பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் தெருக்கள் அமைதியாகத்தான் இருக்கும். ஊரில் பாதிப் பேர் பாரிமுனையிலும் எழும்பூரிலும் மாம்பலத்திலும் கிண்டியிலும் இருப்பார்கள். மறைமலைநகர்த் தொழிற்சாலைகளுக்கும் பரனூர்ப் பக்கத்து நிறுவனங்களுக்கும் போனவர்கள் வேறு. வீட்டில் இருப்பது முதியவர்களும் கைக்குழந்தைகளும். எங்கள் குறைகளில் பெரும்பாலானவை காலை ஐந்தரைக்கு எழுந்து எட்டரைக்கு அடங்கிவிடுகின்றன. மறுபடி இரவு ஏழுக்கு மேல்தான் கிளம்புகின்றன. அலுவலக நேரத்தில் வந்தால் அவை கண்ணில் படாது. இந்த மனுவின் சாரம் இவ்வளவுதான்.

முதலில் ரயில். பீச் – தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியபோது தாம்பரம்தான் கடைசி நிறுத்தம். அதற்குத் தெற்கே அன்று ஏரியும் வயலும். இன்று பெருங்களத்தூரில் தொடங்கி மறைமலைநகர் வரை ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்தது, ஒன்பது பெட்டி பன்னிரண்டு பெட்டியானது, செங்கல்பட்டு வரை மூன்றாவது பாதையும் போட்டாயிற்று. கால அட்டவணைக்கு மட்டும் தாம்பரமே இன்னும் ஊர் எல்லை. மாலையில் நடைமேடையில் நிற்கும் எங்கள் ஆட்கள் முதலில் பார்ப்பது வண்டியின் நெற்றியை. 'தாம்பரம்' என்றிருந்தால், உட்கார இடம் இருந்தாலும், பாதிப் பேர் ஏற மாட்டார்கள். 'செங்கல்பட்டு' என்றிருந்தால் மாம்பலத்தில் கால் வைக்கவே இடம் இருக்காது. பொறுமை இழந்து தாம்பரம் வண்டியில் வருகிறவர் அங்கே இறங்கி, மேம்பாலம் ஏறி இறங்கி, அடுத்த நடைமேடைக்கு ஓடினால், விட்டுவிட்டு வந்த அதே செங்கல்பட்டு வண்டி பிதுங்க நிறைந்து எதிரே வந்து நிற்கும். லேடீஸ் பெட்டியின் வாசலில் கைப்பையை நெஞ்சோடு அணைத்து ஒற்றைக் காலில் நின்று வரும் பெண்களை ஒருநாள் நேரில் வந்து பார்க்க வேண்டுகிறோம்.

மாலை ஆறு முதல் இரவு பத்து வரை தாம்பரத்தோடு நிற்கும் வண்டிகளில் ஒன்றுவிட்டு ஒன்றையாவது கூடுவாஞ்சேரி அல்லது செங்கல்பட்டு வரை நீட்டிக்க வேண்டும். காலையிலும் அதேபோல் எதிர்த்திசையில் வேண்டும். 2025 ஏப்ரல் 19 முதல் இந்தத் தடத்தில் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. வரவேற்கிறோம், எங்களில் சிலர் அதில்தான் போய்வருகிறார்கள். ஆனால் சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய், ஏசியில் 35 ரூபாய். தியாகராய நகர்த் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, சீசன் டிக்கெட்டில் திரும்பும் பெண்ணுக்கு அது மாற்று வண்டி ஆகாது. ஏசி வண்டி கூடுதலாக ஓடட்டும், சாதாரண வண்டியின் நேரத்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். பராமரிப்புப் பணிக்காக ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை ரத்து செய்யும்போது, அதை இரண்டு நாள் முன்னதாக நிலையத்திலேயே ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்க வேண்டும். கடை ஊழியர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஞாயிறு வேலை நாள்.

ரயிலை விட்டு இறங்கிய பிறகுதான் அடுத்த தொல்லை. நிலையத்திலிருந்து கடைசித் தெருவுக்கு நடந்தால் அரை மணி. பகலில் நபருக்கு இவ்வளவு என்று ஏற்றும் ஷேர் ஆட்டோ, ஒன்பது மணிக்கு மேல் 'தனி ஆட்டோ' ஆகிவிடும். ஓட்டுநர் சொல்வதுதான் வாடகை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பயணிகளை ஏற்றினால் கூடக் கிடைக்கும் என்று ஆட்டோக்கள் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. ஓட்டுநர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவி. பேருந்தே வராத தெருவில் அந்த உதவியை எந்த நிறுத்தத்தில் நின்று வாங்குவது என்று எங்கள் மகளிர் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். ரயிலடியிலிருந்து எங்கள் நகர்கள் வழியாகக் கிளாம்பாக்கத்துக்கு ஒரு சிற்றுந்து விட வேண்டும். அது இயலாதென்றால், 2025 ஜூனில் தொடங்கிய புதிய மினி பேருந்துத் திட்டத்தில் இந்தத் தடத்தையாவது சேர்க்க வேண்டும். எதுவானாலும் கடைசி நடை இரவு பத்தரைக்குக் குறையக் கூடாது. ஏழு மணியோடு நின்றுவிடும் பேருந்து எங்களுக்கு ஆகாது.

தெருவிளக்கைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எரியாத கம்பங்களின் எண்களை இணைத்திருக்கிறோம். காலி மனைகளில் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, எரிகிற விளக்கையும் மறைக்கிறது. செல்போன் டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு, நாய்க்கு ஒரு கல்லையும் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் வீடு திரும்புகிறார்கள். மனை உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பி முள்ளை வெட்ட வைக்க வேண்டும். வெட்டாதவர் செலவில் நிர்வாகமே வெட்ட வேண்டும்.

குழாயில் தண்ணீர் வருவது காலை பத்து மணிக்கு. பிடிக்க ஆள் இருக்கும் வீட்டில் முதியவரால் குடம் தூக்க முடியாது. ஆள் இல்லாத வீட்டில் தொட்டி நிறைந்து தெருவில் ஓடும். குப்பை வண்டியும் அதே நேரத்தில் விசில் அடித்துக்கொண்டு வருகிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வைத்த வாளி, பூட்டிய கேட்டுக்கு உள்ளே இருக்கும். விளைவு, இரவில் வேலை முடிந்து வருகிறவர் பையைத் தெருமுனையில் போட்டுவிட்டுப் போகிறார். அது தவறுதான், எங்கள் உறுப்பினர்களையும் கண்டிக்கிறோம். ஆனால் தண்ணீரை ஐந்து மணிக்கும் குப்பை வண்டியை ஏழு மணிக்கு முன்பும் அனுப்பினால் இரண்டும் செலவில்லாமல் தீரும். தூய்மைப் பணியாளர்களிடம் பேசினோம். வெயிலுக்கு முன் முடிவது தங்களுக்கும் நல்லது என்கிறார்கள்.

பகலில் தெரு வெறிச்சோடிக் கிடப்பது பூட்டை உடைப்பவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இரவு ரோந்து வருகிறது, நன்றி. பகல் பதினொன்று முதல் மூன்று வரையும் ஒரு பீட் ரோந்து தேவை.

மழைக்காலம் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றுக்கு வழிந்து, ஆதனூர் வழியாக அடையாற்றில் சேர்பவை. அந்த வழியில்தான் மனை போட்டிருக்கிறார்கள், நாங்களும் வாங்கியிருக்கிறோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த வட்டாரத்தில் பலர் மாடியில் இரவைக் கழித்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடி தண்ணீர் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் கால்வாய் தூர் வாரும் இயந்திரம் நவம்பரில், முதல் மழை பெய்த பிறகு வருகிறது. அள்ளிய மண்ணைக் கரையிலேயே கொட்டுகிறார்கள். அடுத்த மழையில் அது மீண்டும் கால்வாய்க்குள் போய்விடும். தூர் வாரும் பணியை ஆகஸ்டில் தொடங்கி, மண்ணை அப்புறப்படுத்திய பின்பே பணி முடிந்ததாகக் கணக்கு எழுத வேண்டும். கால்வாயின் அகலத்தை வருவாய்த்துறை அளந்து இரு பக்கமும் கல் நட வேண்டும். அந்தக் கல்லுக்கு உள்ளே எங்கள் உறுப்பினர் எவருடைய மதில் இருந்தாலும் அதற்காகச் சங்கம் பரிந்து பேசாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

கடைசியாக, இந்த மனுவைக் கொடுப்பதே எங்களுக்கு ஒரு சிரமம். மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் திங்கட்கிழமை நடக்கிறது. திங்களன்று விடுப்பு எடுத்தால் தினக்கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போகும். தனியார் நிறுவன ஊழியருக்கு மேலாளரின் முகச்சுளிப்பு கூடுதல். அதனால்தான் எங்கள் பகுதியிலிருந்து எப்போதும் ஓய்வுபெற்றவர்களே வருகிறார்கள், அவர்கள் சொல்வதே ஊரின் குறையாகப் பதிவாகிறது. கிராம சபையை விடுமுறை நாட்களிலும் கூட்டுவதால் அங்கே எங்கள் இளைஞர்கள் பேசுகிறார்கள். அதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ரயில்வே அலுவலர் ஒருவரும் உடனிருக்க, நிலையத்தின் அருகிலேயே குறைதீர் முகாம் நடத்த வேண்டுகிறோம். இடம், நாற்காலி, தேநீர் எங்கள் பொறுப்பு.

அதற்கு முன், ஒரு வேலைநாளில் காலை ஏழு மணிக்கும் அன்றே இரவு ஒன்பது மணிக்கும் கூட்டு ஆய்வுக்கு நாள் குறித்துத் தெரிவிக்க வேண்டுகிறோம். இரவு ஆய்வுக்கு அலுவலர்கள் தாம்பரத்திலிருந்து காரில் வராமல், செங்கல்பட்டு வண்டியில் எங்களோடு வந்தால் மிக்க உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்.

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பங்கள், எரியாத மின்கம்பங்களின் எண் பட்டியல், கால்வாய் அடைப்புகளின் புகைப்படங்கள், பொதுக்குழுத் தீர்மான நகல்.