காற்றொதுக்கு யாருக்கு?

'ஃபிளாம் ரூஜ்' என்னும் துவிச்சக்கரவண்டிப் பந்தய ஆட்டத்தின் விதிகளை இப்பகுதியில் விளக்குமாறு மாணவர் சிலர் கேட்டுள்ளனர். அவர்கள் வேண்டுவது விளக்கம் என்பதிலும் தீர்ப்பு என்பதே பொருந்தும். ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் ஒரே விதியை இருவிதமாகப் படித்து, யாதொரு முடிவுக்கும் வராமல், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பெட்டியைத் திறவாமலே வைத்திருக்கின்றனராம்.

டென்மார்க்கைச் சேர்ந்த அஸ்கர் ஹார்டிங் கிரானருட் இயற்றிய இவ்வாட்டம் 2016ஆம் ஆண்டிற் பின்லாந்தில் வெளியாயிற்று. பெயர் பிரெஞ்சு மொழியினது. செந்தழல் என்பது பொருள். துவிச்சக்கரவண்டிப் பந்தயங்களில் முடிவுக் கோட்டுக்கு ஒரு கிலோமீற்றர் எஞ்சியிருப்பதைக் காட்டத் தெருவுக்கு மேலே தொங்கவிடப்படும் செங்கொடிக்கு இப்பெயர் வழங்கும். 'தூர் த பிரான்ஸ்' பந்தயத்தில் அக்கொடி 1906 முதல் உண்டு. ஆட்டத்திற்குப் பாதைப் பலகை இருப்பினும் பகடை இல்லை. ஓட்டம் முழுவதும் சீட்டினாலேயே நிகழ்வதால் இதனைச் சீட்டாட்டம் என்று கொள்வதே தகும்.

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓட்டிகள் இருவர். ஒவ்வோர் ஓட்டிக்கும் தனித்தனியே 15 சீட்டுகள். 'ரூலேர்' என்னும் நெடுவோட்டக்காரனிடம் 3, 4, 5, 6, 7 ஆகிய எண்கள் மும்மூன்று உள்ளன. 'ஸ்பிரிண்டர்' என்னும் விரைவோட்டக்காரனிடம் 2, 3, 4, 5, 9 ஆகியவை மும்மூன்று உள்ளன. கூட்டிப் பாருங்கள்: முன்னவனுக்கு 75, பின்னவனுக்கு 69. சிறுவர் கண்ணைப் பறிப்பது ஒன்பது என்னும் எண்ணே. ஆயின் அவ்வொன்பதை உடையவனே மொத்தத்தில் ஏழை. அக்குறையை அவன் பிறர் முதுகின் மறைவிலே ஈடுசெய்தாக வேண்டும்.

முந்நூற்றுநான்கு ஆடிப் பழகிய கைகள் முதலில் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. அங்கே இறக்கிய சீட்டு அடுத்த பங்கீட்டில் மீண்டும் வரும். இங்கே ஆடிய சீட்டு ஆட்டத்தை விட்டே நீங்கிவிடும். ஓர் ஓட்டியின் கட்டிலிருந்து நான்கு சீட்டுகளை எடுத்து, ஒன்றைத் தெரிந்து கவிழ்த்து வைத்து, ஏனைய மூன்றையும் முகம் மேலாக அக்கட்டின் அடியிற் சேர்க்கவேண்டும். அதன் பின்னரே மற்ற ஓட்டியின் கட்டைத் தொடலாம். இருவருக்கும் உரிய எட்டுச் சீட்டுகளையும் ஒருங்கே பார்த்துத் தெரிதல் குற்றம். பெரியவர்கள் இதனைச் சிறு குற்றமாக எண்ணுகின்றனர்; நான் அவ்வாறு எண்ணேன். முதல் ஓட்டிக்கு முடிவு செய்யும்போது அடுத்தவனுக்கு என்ன வரும் என்று அறியாதிருப்பதிலேதான் ஆட்டத்தின் சுவையிற் பாதி இருக்கிறது. எடுக்கும் சீட்டுகள் தீர்ந்தபின் முகம் மேலாக வைத்தவற்றைக் குலைத்து மீண்டும் கட்டாக்கலாம்.

எல்லோரும் சீட்டை விரித்தபின் ஓட்டம் தொடங்கும். முன்னணியில் நிற்பவன் முதலில் நகர்வான். ஒரே கட்டத்தில் இருவர் நின்றால் வலப்பக்கத்தவன் முந்துவான். இடையில் நிற்பவரைக் கடந்து செல்லத் தடையில்லை. சேரவேண்டிய கட்டத்தில் ஏற்கனவே இருவர் நின்றால் மட்டும், அதற்குப் பின்னே இடமுள்ள முதற் கட்டத்தில் நிற்கவேண்டியதுதான். இழந்த அடிகளுக்கு ஈடு கிடையாது.

இனி வழக்குக்கு வருவோம். அனைவரும் நகர்ந்தபின், ஒரு குழாத்துக்கும் அதன் முன்னுள்ள குழாத்துக்கும் இடையே சரியாக ஒரு கட்டம் மட்டும் வெறுமையாயிருந்தால், பின்னுள்ள குழாம் ஒரு கட்டம் முன்னேறி ஒட்டிக்கொள்ளும். முன்செல்வோர் காற்றைக் கிழிக்க, பின்வருவோர் பெறும் சலுகை இது. காற்றொதுக்கு எனலாம். இரண்டு கட்டங்கள் வெறுமையாயின் சலுகை இல்லை. தனியொருவனும் ஈண்டுக் குழாமாகவே கருதப்படுவான். இதனை எங்கிருந்து தொடங்குவது? நகர்தலைப் போன்றே முன்னிருந்து என்பது அண்ணனின் வாதம். பின்னிருந்து என்பது தங்கையின் வாதம்.

தங்கை சொல்வதே சரி. முதலாமவன் 20ஆம் கட்டத்திலும், இரண்டாமவன் 18இலும், மூன்றாமவன் 16இலும் நிற்பதாகக் கொள்க. பின்னிருந்து தொடங்கினால் மூன்றாமவன் 17க்கு வந்து இரண்டாமவனோடு சேர்கிறான். இப்போது ஒரே குழாமாகிவிட்ட இருவரும் சேர்ந்து ஒரு கட்டம் முன்னேறி 18, 19 ஆகிய இடங்களை அடைகின்றனர். கடைசியில் வந்தவனுக்கு இரண்டு கட்டங்கள் இலாபம். முன்னிருந்து தொடங்கினாலோ, இரண்டாமவன் 19க்குப் போய்விட, மூன்றாமவனுக்கு முன்னே இரண்டு கட்டங்கள் வெறுமையாகிவிடும். அவன் 16இலேயே நின்றுவிடுவான். மெய்யான பந்தயத்திலும் பின்தங்கியவர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு கூட்டமாகத்தான் முன்னவரை எட்டுகின்றனர். விதி அதனைப் பின்பற்றியே அமைந்துள்ளது.

காற்றொதுக்கு முடிந்த பின்னரே களைப்புக் கணக்கு. தனக்கு முன்னுள்ள கட்டம் வெறுமையாயிருக்கும் ஒவ்வோர் ஓட்டியும் 2 என்னும் எண்ணுடைய களைப்புச் சீட்டு ஒன்றைப் பெற்று, முகம் மேலாக வைத்த சீட்டுகளோடு சேர்க்கவேண்டும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் முதலாமவனுக்கு மட்டுமே களைப்பு உண்டு. இவ்வொழுங்கை மாற்றி, களைப்பை முன்னரே கணித்தால், மூவருக்கும் அச்சீட்டு வந்து சேரும். முன்னணிக் கட்டத்தில் இருவர் இணையாக நின்றால் இருவரும் பெறுவர். முன்கட்டத்தில் ஒருவனேனும் நின்றால், அவன் எப்பக்கத்தில் நின்றாலும், பின்னவர்க்குக் களைப்பில்லை.

மலைப்பாதை வேறு. ஏற்றத்தில் நின்று புறப்படினும், சமதரையிலிருந்து ஏற்றத்துட் புகினும் 5 கட்டங்களுக்கு மேற் செல்ல இயலாது. விரைவோட்டக்காரனின் ஒன்பது அங்கே வீண். ஏற்றத்தில் நிற்போர் காற்றொதுக்கைக் கொடுக்கவும் மாட்டார், பெறவும் மாட்டார். மெதுவாக மலையேறுகையில் ஓட்டியை வருத்துவது காற்றன்று, உடற்பாரமே ஆதலின் இது பொருத்தமானது. இறக்கத்தில் நின்று புறப்படுவோனுக்கோ 5க்குக் குறைந்த எந்தச் சீட்டும் 5 ஆகவே மதிக்கப்படும். காற்றொதுக்கும் அங்கே உண்டு. ஆடிய சீட்டு ஆட்டத்தை விட்டே நீங்கும் என்றேன் அல்லவா? களைப்புச் சீட்டுக்கும் அதே விதிதான். ஆகவே இறக்கம் வரும்வரை அதனைப் பொறுத்து வைத்திருந்து அங்கே ஆடினால் ஐந்து கட்டமும் கிடைக்கும், களைப்பும் தொலையும். இந்த நுட்பத்தைச் சிறுவர்கள் தாமாகவே கண்டுபிடிப்பதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி.

முடிவுக் கோட்டைப் பலர் ஒரே சுற்றிற் கடந்தால், முதலில் நகர்ந்தவன் வென்றான் என்று கூவுதல் தவறு. கோட்டுக்கு அப்பால் அதிக தூரம் சென்றவனே வென்றவன். இருவர் ஒரே கட்டத்தில் நின்றால் வலப்பக்கத்தவனுக்கே வெற்றி.