டிரான்ஸ்போஸ் பொத்தானும் 288 பேரும்



பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சபைகளில் கீபோர்டு இல்லாத ஆலயம் இன்று அரிது. ஸ்கேல் கற்று வாசிப்பவர் அதனினும் அரிது. சி மேஜரில் மூன்று கார்டுகளைப் பழகிக்கொண்டு, மற்றதையெல்லாம் டிரான்ஸ்போஸ் பொத்தானிடம் ஒப்படைக்கிறோம். தாளத்தையும் கருவியே போடுகிறது. தேவனுக்கு இருதயம் போதுமே என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம்.

தாவீதின் நாட்களில் இசைப்பணியில் தேறியவர்கள் 288 பேர் என்று முதலாம் நாளாகமம் 25-ஆம் அதிகாரம் எண்ணிச் சொல்கிறது. அவர்களுக்கு இருதயம் இல்லையா? கொள்ளிடத்திற்கு அப்பால், தஞ்சையில் வைத்தியத் தொழிலுக்கிடையே இசையிலக்கணத்தை ஆராய்ந்து 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் ஒரு விசுவாசியே.

துக்க வீட்டில் ஒரு தாயார் தமக்கு இயன்ற சுருதியில் பாட்டைத் தொடங்குகிறார். வாசிப்பவர் அதைப் பிடிக்க இயலாமல், அவரை நிறுத்தி, தம் வசதிக்கேற்ப மீண்டும் பாடச் சொல்கிறார். அழுகிறவரை நிறுத்தும் உரிமையை நமக்குக் கொடுத்தது யார்?

டி மேஜரில் எஃப், சி இரண்டும் ஷார்ப். வலக்கையில் மூன்றாம் விரலின் கீழே பெருவிரலை நுழைத்து, மெதுவாக ஏறி இறங்குங்கள். பிறகு டி, ஜி, ஏ கார்டுகள். நாள்தோறும் கால்மணி நேரம், பொத்தானைத் தொடாமல். ஆராதனையில் வாசிக்கிறவர்கள் இந்த வாரமே தொடங்குங்கள்.